படகின் உலோகப் பாகங்களில் அரிமானம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகப் படகு வாங்கியவர்கள் கைப்பிடிக் கம்பிகளைப் பளபளவென்று துடைத்து வைத்துவிட்டு, நாங்களெல்லாம் தொடக்கத்தில் செய்த அதே பிழைகளை நீருக்கடியில் செய்வதை அண்மையில் அடிக்கடி பார்க்கிறேன். உப்புநீர் பட்ட பாகங்களை நன்னீரால் கழுவ வேண்டும் என்பது எல்லாரும் அறிந்ததே என்பதால் அதை இங்கே எழுதவில்லை.

நீர்மட்டத்துக்குக் கீழே பித்தளை

இதைப் பார்க்கும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. சாதாரணப் பித்தளையில் 40 சதவீதம் வரை துத்தநாகம் இருக்கலாம். கடல்நீரில் அந்தத் துத்தநாகம் மெல்லக் கரைந்து வெளியேறிவிட, நுண்துளைகள் நிறைந்த, வலுவற்ற செம்பு மட்டுமே எஞ்சுகிறது. பாகத்தின் வடிவமும் அளவும் மாறுவதில்லை என்பதால் மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

வண்ணம் பூசுவதற்காகக் கரையேற்றிய ஒரு படகில், அடிப்பகுதித் துளை வழியாக வரும் நீரைத் திறந்து மூடும் வால்வை நல்ல வெண்கலத்தில் வாங்கிய உரிமையாளர், அதில் குழாயை மாட்டும் முனையை மட்டும் பித்தளையில் வாங்கிப் பொருத்தியிருந்தார். இரண்டும் மஞ்சள் நிறம், மரையும் ஒன்றே, விலையோ குறைவு. சுத்தியலின் மரப்பிடியால் லேசாகத் தட்டியதும் அந்த முனை மரையோடு முறிந்து விழுந்தது. முறிந்த இடம் பொன்னிறமாக இல்லாமல் வெளிறிய செந்நிறமாக இருந்தது. அது கடலில் முறிந்திருந்தால்? நீர்மட்டத்துக்கு 60 செ.மீ. கீழே உள்ள 38 மி.மீ. துளை வழியாக நிமிடத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் நீர் புகும்.

ஆகவே வால்வு, குழாய் முனை, இணைப்பு வளையம் ஆகிய அனைத்தும் வெண்கலமாகவோ, துத்தநாக இழப்பைத் தாங்கும்படி தயாரித்த சிறப்புப் பித்தளையாகவோ இருக்க வேண்டும். ‘மாங்கனீசு வெண்கலம்’ என்று விற்கப்படுவதும் உண்மையில் துத்தநாகம் மிகுந்த பித்தளையே. ஐயம் இருந்தால், படகு கரையில் இருக்கும்போது கத்தி முனையால் சிறிது சுரண்டிப் பாருங்கள். இளஞ்சிவப்பு தெரிந்தால், அந்தப் பாகத்தோடு படகை மீண்டும் நீரில் இறக்காதீர்கள்.

அலுமினியத்தில் நேரடியாக எவர்சில்வர் போல்ட்

உப்புநீர் இடையில் புகுந்தால் இவ்விரண்டும் மின்கலம்போல் இயங்கி, அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்பொடியாக மாறும். நைலான் வாஷரும், மரைகளில் காப்புப் பசையும் இடுங்கள். பெரிய எவர்சில்வர் தகட்டைச் சிறிய அலுமினிய ஆணிகளால் இணைப்பது இன்னும் மோசமானது. முழுத் தகட்டின் விளைவையும் அந்தச் சிறு ஆணிகளே தாங்க நேர்வதால் அவை விரைவில் கரைந்துபோகும்.

எவர்சில்வரைக் காற்றுப்படாமல் ஈரத்தில் வைப்பது

எவர்சில்வரைக் காப்பது அதன் மேலுள்ள மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். அது புதுப்பித்துக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். தளத்தின் ஊடே செல்லும், பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளை மாட்டும் தகடுகளில், பழைய அடைப்புப் பசைக்குள் நீர் தேங்கினால், வெளியே பளபளப்பு குன்றாமலே உள்ளே பள்ளங்கள் விழும். 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்த 316 வகை எவர்சில்வர்கூட இதிலிருந்து முழுமையாகத் தப்பாது. கழற்றிப் பார்ப்பதைத் தவிர நம்பகமான எளிய வழி இல்லை.

துத்தநாகக் கட்டிக்கு வண்ணம் பூசுதல்

படகின் மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தான் கரைவதற்காக நீருக்கடியில் பொருத்தும் கட்டி இது. வண்ணம் பூசினால் அது வேலை செய்யாது; கூடவே கூடாது, பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள்.

நன்னீரிலும் அதே துத்தநாகக் கட்டி

நன்னீருக்கு மக்னீசியக் கட்டி, கடல்நீரும் நன்னீரும் கலந்த உவர்நீருக்கு அலுமினியக் கட்டி.

எவர்சில்வர் மேல் இரும்புத் தூரிகை

தேய்க்கும்போது ஒட்டிக்கொள்ளும் இரும்புத் துகள்கள் துருப்பிடித்துக் கறையாகும்; நைலான் தூரிகையே போதும்.