நாலு ஏக்கர் வேண்டாம், ஒரு திண்ணை போதும்

மாதத்துக்கு ரெண்டு பேராவது எனக்குப் போன் செய்கிறார்கள். "உங்களுக்குத்தான் தோப்பு இருக்கே அக்கா, எங்க நாய்க்கு வயசாயிடுச்சு, அங்க விட்டா ஜாலியா ஓடி விளையாடுமே" என்கிறார்கள். பதினோரு வயது நாய் எங்கே ஓடப்போகிறது? அது படுக்க இடம் தேடும். தபால் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நானும் வீட்டுக்காரரும் உடுமலைக்குத் தெற்கே எங்கள் தென்னந்தோப்பிலேயே குடியிருக்கிறோம். இந்த ஆறு வருஷத்தில் காப்பகங்களிலிருந்து ஏழு கிழட்டு நாய்கள் எங்களிடம் வந்தன. அதில் தோப்பின் மறுகோடியைப் பார்த்தது ஒன்றே ஒன்றுதான். மற்றவை கிணற்றடியைத் தாண்டவில்லை. நீங்களும் ஒன்றைக் கூட்டி வர நினைத்தால், நிலம் எவ்வளவு என்பதை மறந்துவிட்டுத் திண்ணையிலிருந்து தொடங்குங்கள்.

நாயைத் தேர்ந்தெடுக்கும்போது காப்பகத்தில் அரை நாள் உட்காருங்கள். சொல்லும் வயதை அப்படியே நம்ப வேண்டாம். பல்லைப் பார்த்துச் சொல்லும் கணக்கு ரெண்டு மூணு வருஷம் முன்னே பின்னே இருக்கும். கண்ணில் நீலம் பூத்திருந்தால் குருடு என்று முடிவு கட்டவும் வேண்டாம். வயதான நாய்க்குக் கண்மணி அப்படி மங்குவது சகஜம், பார்வை பெரும்பாலும் இருக்கும். ஒரு பஞ்சு உருண்டையை அதன் முன்னால் போட்டுப் பாருங்கள். பஞ்சு விழும்போது சத்தம் வராது, அதனால் தலை திரும்பினால் பார்வை இருக்கிறது என்று அர்த்தம். தெருவில் வளர்ந்த நாய்க்குக் காது நுனியில் வெட்டு இருந்தால் கருத்தடை ஆகிவிட்டது. பெட்டை நாய்க்குக் கருத்தடை ஆகவில்லை என்றால், வயதான காலத்தில் கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்து உண்டு. அதையும் மடியில் கட்டி இருக்கிறதா என்பதையும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். ரத்தப் பரிசோதனைத் தாளில் சிறுநீரகக் கணக்கு எப்படி என்று பாருங்கள். வெறிநாய்த் தடுப்பூசி அட்டையைக் கையில் வாங்காமல் கிளம்பாதீர்கள். கிராமத்தில் முதல் வாரமே யாராவது அதைக் கேட்பார்கள்.

சென்னைக் காப்பகத்திலிருந்து இங்கே வர ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். நாங்கள் இரவு ஒன்பது மணிக்குமேல்தான் கிளம்புவோம். நாலைந்து மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்தி, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறக்கி நடக்கவிட்டுத் தண்ணீர் காட்டுவோம். கழுத்துப்பட்டையை மட்டும் நம்பாமல், மார்போடு சேர்த்து மாட்டும் வாரும் போடுங்கள். பயந்த நாய் பின்னால் இழுத்தால் கழுத்துப்பட்டை சட்டென்று கழன்று வந்துவிடும். நெடுஞ்சாலை ஓரத்தில், நடுராத்திரியில், அப்புறம் தேடிக்கொண்டிருக்க முடியாது.

வந்த அன்றைக்கு ஊரைக் காட்டாதீர்கள், உறவினர்களையும் கூப்பிடாதீர்கள். ஒரு அறை, ஒரு படுக்கை, ஒரு தண்ணீர்ச் சட்டி, அவ்வளவுதான். வீட்டில் வேறு நாய் இருந்தால் பத்து நாளாவது தள்ளி வையுங்கள். காப்பகத்து இருமல் சத்தமில்லாமல் கூடவே வரும்.

எங்களிடம் முதலில் வந்தது சீசர் என்ற லாப்ரடார். அதன் வீட்டுக்காரர்கள் வெளிநாடு போய்விட்டார்கள். வந்த முதல் நாள் முழுக்க அது ஒண்ணுக்கே போகவில்லை. தென்னை மரத்தடி, வாய்க்கால் ஓரம், புல், மணல் என்று எல்லா இடத்துக்கும் நடத்திப் பார்த்தோம். மண்ணில் காலை வைத்ததும் சூடு பட்டதுபோலத் தூக்கிக்கொள்ளும். சாயங்காலம் என் வீட்டுக்காரருக்கு என்ன தோன்றியதோ, பழைய தினத்தந்தி ஒன்றை எடுத்து வாசலில் விரித்தார். சீசர் வந்து முகர்ந்து, ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு நிமிஷத்துக்கு மேல் நின்று போனது. பாவம், அது மாடி வீட்டு பால்கனியில் பேப்பரில் பழகிய நாய். அப்புறம் தினமும் பேப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாக்கி, மூன்றாவது வாரம் கைக்குட்டை அளவுக்குக் கொண்டுவந்து, பிறகு எடுத்தேவிட்டோம். அதனால் நாயைக் கொடுப்பவர்களிடம் நோயைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். எதன்மேல் படுத்தது, எங்கே போனது, எந்தத் தட்டில் சாப்பிட்டது என்றும் கேளுங்கள். அந்தத் தட்டையே வாங்கி வர முடிந்தால் இன்னும் நல்லது.

இனி வீடு. டைல்ஸ் தரைதான் கிழட்டு நாயின் முதல் எதிரி. பின்னங்கால் வழுக்கி ஒருமுறை விழுந்தால் அப்புறம் எழவே பயப்படும். படுக்கையிலிருந்து தண்ணீர்ச் சட்டிக்கும் வாசலுக்கும் கயிற்றுக் கால்மிதிகளை வரிசையாகப் போட்டுவிடுங்கள். படுக்கைக்குத் தென்னை நார் மெத்தைத் துண்டு, அதன்மேல் துவைக்கக்கூடிய பழைய போர்வை. வெறும் சாக்கு போதாது, முழங்கை காய்த்துப் புண்ணாகும். ரெண்டு படி இருந்தால் பலகையைச் சாய்த்து, அதன்மேல் சாக்கை அடித்துவிடுங்கள். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் பக்கம் விடாமல் வீசும். மூட்டு வலி உள்ள நாய்க்கு அந்த மாதம்தான் கஷ்டம், அதனால் படுக்கையை மேற்குப் பார்த்த திண்ணையில் போடமாட்டோம். பொருள்களை அடிக்கடி இடம் மாற்றாதீர்கள். பார்வை மங்கிய நாய் வீட்டை மனப்பாடம் செய்து வைத்திருக்கும்.

தோப்பில்தான் ஆபத்து அதிகம். சொல்லக் கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன். தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டைப் பிடிக்க மண்பானையில் ஆமணக்குப் புண்ணாக்கு ஊறவைத்து மரத்துக்கு மரம் புதைத்து வைப்பது எங்கள் வழக்கம். எங்களிடம் மூன்றாவதாக வந்த பெட்டை நாய் ராணி அதைத் தின்றுவிட்டது. அந்த வாசம் நாய்க்கு ரொம்பப் பிடிக்கும். மறுநாள் வாந்தி, ரத்தமாகப் போனது, ரெண்டாம் நாள் முடிந்தது. அந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. பானையை வைத்தது நான்தான். அன்றிலிருந்து எங்கள் தோப்பில் அந்தப் புண்ணாக்கு உரத்துக்குக்கூட வருவதில்லை, வண்டுக்கு வேறு பொறி வைக்கிறோம். பூச்சிக்குப் போடும் குருணை மருந்து, எலி மருந்து இரண்டையும் பூட்டி வையுங்கள். சில வகை எலி மருந்தைத் தின்ற நாய் மூன்று நாலு நாள் நன்றாகவே நடமாடிவிட்டு, பிறகுதான் உள்ளே ரத்தம் கசிந்து சாயும். தின்றது தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் அட்டைப்பெட்டியோடு டாக்டரிடம் ஓடுங்கள்.

கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இல்லையென்றால் வலை போடுங்கள். காய்ப்பு மரத்தடியில் நாயைப் படுக்கவிடாதீர்கள். இளம் நாய் தேங்காய் விழும் சத்தத்துக்குத் துள்ளி ஓடிவிடும், காது கேட்காத நாய் அப்படியே படுத்திருக்கும். மட்டைக் குவியலையும் விறகையும் வீட்டை ஒட்டி அடுக்க வேண்டாம், பாம்புக்கு அதுதான் வீடு. கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, பச்சிலை அரைப்பது எதுவும் வேண்டாம். நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். விஷமுறிவு ஊசி எந்த ஆஸ்பத்திரியில் இருக்கும் என்பதை நாய் வருவதற்கு முன்பே விசாரித்து எழுதி வைத்திருங்கள். கால்நடை ஆம்புலன்சுக்கு 1962 என்ற எண்ணையும் சுவரில் எழுதுங்கள். கிராமத்து மருந்தகத்தில் மாட்டுக்குத்தான் முதல் மரியாதை, அதில் கோபப்பட ஒன்றுமில்லை. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே என்றால் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பதை நிம்மதியான நாளிலேயே தெரிந்துகொள்ளுங்கள். எங்களுக்கு உடுமலையிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது பெரிய ஆறுதல்.

உண்ணி விஷயத்தில் சோம்பல் கூடாது. நாய் உண்ணி சுவர் விரிசலில்தான் முட்டையிடும், நாயின்மேல் பொறுக்கினால் மட்டும் தீராது. விரிசலைப் பூசுங்கள், நாய்க்கு டாக்டர் சொல்லும் மருந்தைக் கொடுங்கள். மண்ணெண்ணெய் தடவச் சொல்லும் பெரியவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள், தடவாதீர்கள். வாரம் ஒருமுறை உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தாலோ மூக்கில் ரத்தம் வந்தாலோ உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். நாயின் உடம்புச் சூடு 101லிருந்து 102.5 வரை இருப்பது இயல்பு. நம் கணக்கில் காய்ச்சல் என்று பதறி பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். மனுஷனின் வலி மாத்திரை எதுவுமே அதற்கு ஆகாது.

சாப்பாடு ரெண்டு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. குழைந்த சோறு, உப்பில்லாமல் வேகவைத்த கோழி, பூசணி, முட்டை. வேகவைத்த எலும்பு வேண்டாம். வெங்காயம் பூண்டு போட்ட குழம்புச் சோறும் வேண்டாம். மாம்பழ சீசனில் கொட்டையைக் கண்ட இடத்தில் போடாதீர்கள், விழுங்கினால் குடல் அடைக்கும். தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். பத்துக் கிலோ நாய் ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடித்தால் சிறுநீரகமோ சர்க்கரையோ, ஏதோ ஒன்று இருக்கிறது.

ஊர்க்காரர்களையும் பழக்க வேண்டும். டீக்கடையில் நாலு பேர் காதில் விழும்படி, "இது கிழடு, காது கேக்காது, ஊசி எல்லாம் போட்டாச்சு" என்று சொல்லி வையுங்கள். கோழி ஒன்றைப் பிடித்துவிட்டால் நியாயம் பேசாமல் அன்றைக்கே காசைக் கொடுத்துவிடுங்கள். தெருநாய்கள் கூட்டமாக வரும் வேளையில் வெளியே கூட்டிப்போக வேண்டாம். கிழட்டு நாயால் ஓடவும் முடியாது, பணியவும் தெரியாது.

கடைசி நாள் பற்றியும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஊசி போட்டுத் தூங்கவைப்பதா, யார் பக்கத்தில் இருப்பது, எங்கே புதைப்பது என்று. எங்கள் செம்மண் சித்திரையில் இறுகிவிட்டால் கடப்பாரை இறங்காது. அதனால் போன வருஷம், எங்கள் நாய் பாபுவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது, ஒரு வாரம் தாங்கினால் பெரிசு என்று டாக்டர் சொன்னதும், தோப்பு வேலைக்கு வரும் அண்ணன் மூணு அடிக் குழி ஒன்று எடுத்து வைத்தார். பாபு மூணு நாள் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு நாலாவது நாள் எழுந்து கஞ்சி கேட்டது. மண் சரிந்து குழி இப்போது பாதிதான் இருக்கிறது. மத்தியான வெயிலுக்கு அதில் குளுகுளுவென்று இருக்கும்போல. தினமும் சாப்பிட்டதும் பாபு அதில் இறங்கித்தான் படுக்கிறது. சாயங்காலம் ஏற முடியாமல் ஒரு குரல் கொடுக்கும், நாங்கள் போய்த் தூக்கிவிடுகிறோம்.