நாய் சாப்பிட ஆரம்பித்ததும் மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்கு

போன மாதம் ஒரு தம்பி தன் சிப்பிப்பாறைப் பெண் நாயை என்னிடம் விட வந்தான். ஊருக்குப் போகிறான், நான்கு நாள் பார்த்துக்கொள்ள வேண்டும். பாளையங்கோட்டையில் நான் நடத்தும் சிறிய நாய்க் காப்பகத்தில் ஒரு நாயை உள்ளே விடும் முன் காது மடல், கால் விரல் இடுக்கு, ஈறு மூன்றையும் பார்த்துவிடுவது வழக்கம். அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு இளஞ்சிவப்பாக இல்லை, வெளிறிக் கிடந்தது. உண்ணிக் காய்ச்சல் ஏதாவது வந்ததா என்று கேட்டேன்.

"ரெண்டு மாசம் முன்னாடி வந்துச்சு அண்ணாச்சி. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தாரு. பத்து நாள் கொடுத்தேன். நல்லா சாப்பிட ஆரம்பிச்சிட்டு, அதான் போதும்னு விட்டுட்டேன்."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் இதே வார்த்தைகளை, ஏறக்குறைய இதே வரிசையில், நான் ஒரு டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். சாக்லேட் கொடுக்காதே, வேகவைத்த எலும்பு போடாதே, மத்தியான வெயிலில் தார் ரோட்டில் நடத்தாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அவற்றை விட்டுவிடுகிறேன். நாயை நேசிக்கிற, செலவுக்குத் தயங்காத ஆட்களே செய்கிற தவறுகள் சில உண்டு. அவற்றைப் பற்றித்தான் பேச வேண்டும்.

மாத்திரையை நடுவில் நிறுத்துவது

என்னிடம் முத்து என்று ஒரு ராஜபாளையம் இருந்தான். நான்கு வயது. ஒரு சித்திரை மாதம், தட்டில் பாதியை மீதி வைக்க ஆரம்பித்தான். வெயில்தான் காரணம் என்று மோர் ஊற்றினேன். மூன்றாவது நாள் வாசலில் ஆள் வந்தும் எழுந்திருக்கவில்லை. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். ஆரோக்கியமான நாய்க்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சுமார் 2 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை பிளேட்லெட் (ரத்தத்தை உறையவைக்கும் அணுக்கள்) இருக்கும். முத்துவுக்கு 40 ஆயிரம். உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லி, டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் எழுதினார், தினம் ஒரு மாத்திரை, 28 நாள். "ஒரு நாள்கூட விடக் கூடாது" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

மூன்றாம் நாளே தட்டை நக்கிக் காலி செய்தான். ஒரு வாரத்தில் பழையபடி சுவர் மேல் கால் வைத்துத் தெருவைப் பார்த்துக் குரைத்தான். பத்தாம் நாள், மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கிவிடுமோ என்று நானாக ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டு நிறுத்தினேன். மீதி 18 மாத்திரை அட்டையோடு ஜன்னல் திண்டில் கிடந்தன.

ஐப்பசி மழை பிடித்த நாளில் அவனுடைய வெள்ளை முன்னங்காலில் ஒரு சொட்டு ரத்தம் இருந்தது. முள் குத்தியிருக்கும் என்று துடைத்துவிட்டேன். சாயங்காலம் இன்னொரு சொட்டு. அது மூக்கிலிருந்து விழுகிறது என்று அப்போதுதான் கண்டுபிடித்தேன். மல்லாத்திப் பார்த்தால் அடிவயிற்றில் குங்குமம் தெறித்ததுபோல் சிவப்புப் புள்ளிகள். இந்த முறை பிளேட்லெட் மட்டும் குறையவில்லை. சிவப்பணு, வெள்ளையணு இரண்டும் சேர்ந்து சரிந்திருந்தன. இன்னொரு நாயின் ரத்தம் ஏற்றினோம். பத்தொன்பது நாள் போராடினான். போய்விட்டான்.

ஏன் இப்படி ஆகிறது என்று அதற்கப்புறம்தான் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். இந்த உண்ணிக் காய்ச்சலைக் கொண்டுவரும் எர்லிக்கியா கேனிஸ் என்ற பாக்டீரியா நாயின் வெள்ளையணுக்களுக்கு உள்ளேயே குடியேறி வளர்கிறது. உண்ணி கடித்து ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் காய்ச்சல், சோர்வு, சாப்பாட்டின் மேல் வெறுப்பு எல்லாம் வரும். மருந்து உள்ளே போனதும் இரண்டு மூன்று நாளில் நாய் தெளிந்துவிடும். தெளிந்தது நாய்தான், கிருமி முழுக்கப் போய்விடவில்லை. சில நாய்கள் மருந்தே இல்லாமல்கூட முதல் காய்ச்சலிலிருந்து எழுந்துவிடும். அப்புறம் மாதக்கணக்கில், சிலவற்றில் வருடக்கணக்கில், வெளியே ஒன்றுமே தெரியாது. ஓடும், சாப்பிடும், குரைக்கும். கிருமி மண்ணீரல் மாதிரி இடங்களில் ஒளிந்துகொண்டிருக்கும். கடைசிக் கட்டத்தில் ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையே அடிபட்டுப் போகிறது. அங்கே போன பிறகு மீட்பது மிகக் கடினம்.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த நோயும் இல்லை. 1935இல் அல்ஜீரியாவில் முதலில் கண்டறிந்தார்கள். வியட்நாம் போரின்போது அமெரிக்க ராணுவத்தின் மோப்ப நாய்கள், முக்கியமாக ஜெர்மன் ஷெப்பர்டுகள், இதனால் கொத்துக் கொத்தாகச் செத்தன. ஜெர்மன் ஷெப்பர்டு வளர்ப்பவர்கள் கொஞ்சம் கூடுதல் கவனமாக இருங்கள், அந்த இனத்துக்கு இது கடுமையாகவே வருகிறது.

முத்துவுக்குப் பழைய கிருமியே திரும்பி எழுந்ததா, புது உண்ணி கடித்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். என் மனசு ஆற வேண்டும் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். ஜன்னல் திண்டில் இருந்த 18 மாத்திரைக்கு என்னிடம் பதில் இல்லை.

மாத்திரை கொடுக்கிற விதத்திலும் தப்பு நடக்கிறது. வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுக்கும். உடனே "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள். சாப்பாட்டோடு கொடுங்கள். பாலிலோ தயிரிலோ மறைத்துக் கொடுக்காதீர்கள், அதிலுள்ள கால்சியம் இந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேர வேண்டிய அளவு சேராது. தொண்டைக்குள் காய்ந்த மாத்திரையாகத் தள்ளிவிட்டால் உணவுக் குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். ஒரு துண்டு வெந்த கோழிக்கறிக்குள் வைத்துக் கொடுத்து, பின்னாலேயே கொஞ்சம் குழம்பில்லாத சோறும் தண்ணீரும் கொடுத்துவிடுங்கள். அப்படியும் வாந்தி எடுத்தால் டாக்டருக்கு போன் செய்து கேளுங்கள், நீங்களாக முடிவெடுக்க வேண்டாம். 28 நாள் முடிந்ததும் ஒருமுறை ரத்தம் பார்ப்பது முக்கியம். நாயின் முகத்தைப் பார்த்துக் குணமாகிவிட்டது என்று சொல்ல இந்த நோயில் வழியே கிடையாது.

கூடவே பபீசியா என்ற இன்னொரு ஒட்டுண்ணியும் அதே உண்ணி வழியாக வரும். அது சிவப்பணுவுக்குள் போய் உடைக்கிறது, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும். அதற்கு மருந்து வேறு. பக்கத்து வீட்டு நாய்க்கு எழுதிய சீட்டை வைத்து மருந்துக் கடைக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஈறு பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி மாதிரி நாய்களுக்கு விலா தெரிவது இயல்பு, அதனால் அவை மெலிவது சட்டென்று கண்ணில் படாது. அவற்றுக்கு ஈறுதான் கண்ணாடி.

உண்ணியை நாயின் மேல் மட்டும் தேடுவது

"தினம் பத்து உண்ணி எடுக்கிறேன், தீரவே மாட்டேங்குது" என்று புலம்பாத ஆள் இல்லை. தீராது. நம் வீட்டு நாய்களில் ஏறும் பழுப்பு உண்ணி, குஞ்சாக ஒருமுறை, பாதி வளர்ந்த பின் ஒருமுறை, முழு உண்ணியாக ஒருமுறை என்று மூன்று தடவை ரத்தம் குடிக்கிறது. ஒவ்வொரு தடவையும் வயிறு நிறைந்ததும் நாயை விட்டு இறங்கிவிடும். ரத்தம் குடித்த பெண் உண்ணி ஆமணக்கு விதை மாதிரி பருத்து, மெல்ல நகர்ந்து, சுவர் விரிசலுக்குள் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ரத்தம் கிடைக்காவிட்டாலும் மாதக்கணக்கில் காத்திருக்கும்.

ஒரு நாள் சாயங்காலம் டார்ச் எடுத்துக்கொண்டு நாய் படுக்கிற இடத்தைச் சுற்றிப் பாருங்கள். நான் முதன்முதலில் பார்த்தபோது கேட்டின் கீல் இடுக்கில் நான்கு, சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் ஒரு கொத்து, சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஏறிக்கொண்டிருந்தவை ஏழு. கீழே தேடினால் போதாது. உண்ணி மேலே ஏறுகிற பூச்சி.

விரிசல்களைச் சிமென்ட் வைத்து அடைத்துவிடுங்கள். படுக்கைச் சாக்கை வாரம் ஒருமுறை கொதிநீரில் போடுங்கள். வீட்டில் உண்ணி மருந்து அடிக்கும்போது நாயையும் பூனையையும் வெளியே கட்டிவிட்டு, தரை நன்றாகக் காய்ந்த பிறகு உள்ளே விடுங்கள். நாய்களுக்கான சில உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும், அது பூனையின் உயிரை எடுத்துவிடும். நாய்க்கு இப்போது மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ கொடுக்கும் மாத்திரைகள் வந்திருக்கின்றன, நன்றாகவே வேலை செய்கின்றன. வலிப்பு வரும் நாயாக இருந்தால் டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள். விலை கூட என்று தோன்றும். முத்துவுக்கு அந்தப் பத்தொன்பது நாளில் நான் செலவழித்த பணத்தில் பல வருடத்துக்கு அந்த மாத்திரை வாங்கியிருக்கலாம்.

எடுத்த உண்ணியை நகத்தால் நசுக்காதீர்கள். ஸ்பிரிட் ஊற்றிய மூடி போட்ட பாட்டிலில் போடுங்கள்.

உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவுவது

தோல் வெந்துவிடும். நக்கினால் வயிற்றுக்குள் போகும், வாந்தி எடுத்தால் நுரையீரலுக்குள் போகும்.

காய்ச்சலுக்கு நம் வீட்டு மாத்திரை

தொட்டால் சுடுகிறது என்று மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள். நாயின் உடம்பு எப்போதுமே நம்மைவிடச் சூடு. 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் அதற்கு இயல்பு. தெர்மாமீட்டர் இல்லாமல் கையை வைத்துக் காய்ச்சல் சொல்ல முடியாது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் இரண்டும் நாயின் குடலில் புண்ணை உண்டாக்கி ரத்தம் கசியவைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். உண்ணிக் காய்ச்சலில் ரத்தத்தை உறையவைக்க வேண்டிய பிளேட்லெட்டே குறைந்து கிடக்கிறது. அந்த நேரத்தில் இதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பாராசிட்டமால் அதிகமானால் ஈரலைத் தாக்கும். வீட்டு மருந்து டப்பாவை நாய்க்காகத் திறக்கவே வேண்டாம்.

மாட்டுக்குப் போடும் உண்ணி ஊசி

அளவு தெரியாமல் போட்டுச் செத்த நாய்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

உறுமினால் அடிப்பது

ஒரு லாப்ரடாரை இங்கே கொண்டுவந்து, "திடீர்னு முரடாயிட்டான், தொட்டா உறுமுறான், ரெண்டு அடி போட்டா அடங்குறான்" என்றார்கள். இரண்டு நாள் தள்ளி நின்று பார்த்தேன். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே நடந்தான். வலது காதுக்குள் சீழ். பத்து நாள் சொட்டு மருந்தில் காது ஆறியது, உறுமலும் நின்றது.

நன்றாக இருந்த நாய் உறுமத் தொடங்கினால் முதலில் வலி இருக்கிறதா என்று பாருங்கள். காது, பல், இடுப்பு, மூட்டு. உண்ணிக் காய்ச்சலிலும் மூட்டு வலிக்கும். உறுமல் என்பது நாய் நமக்குக் கொடுக்கிற முன்னறிவிப்பு. அதை அடித்து அடக்கிவிட்டால் அடுத்த முறை முன்னறிவிப்பில்லாமல் நேராகக் கடி விழும், பெரும்பாலும் வீட்டுக் குழந்தைக்கு.

கடி பட்டால், உங்கள் சொந்த நாயாகவே இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப் பொடி எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரேபிஸ் வந்த பிறகு மருந்து கிடையாது.

வீட்டுக்குள் சிறுநீர் போனால் மூக்கைத் தேய்ப்பது

குட்டிக்கு அதில் எதுவும் புரியாது. உங்களைக் கண்டால் ஒளிந்துகொள்ள மட்டும் கற்றுக்கொள்ளும்.

குட்டிக்கு ஒரு ஊசியோடு விட்டுவிடுவது

இதுவும் நடுவில் நிறுத்துகிற பழக்கம்தான். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை தடுப்பூசியை அது சரியாக வேலை செய்ய விடாது. அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6 அல்லது 8 வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், 16 வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். முதல் ஊசி போட்ட கையோடு குட்டியைத் தெருவெல்லாம் கூட்டிப் போனால் பார்வோ என்ற கொடிய வயிற்றுப்போக்கு நோய் பிடித்துக்கொள்ளும். அந்த வைரஸ் மண்ணில் பல மாதம் உயிரோடு கிடக்கும். ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில், பிறகு டாக்டர் சொல்லும் தேதியில் தவறாமல்.

சரி, அந்தத் தம்பிக்கு வருகிறேன். ஊருக்குப் போகாமல் அன்றைக்கே நாயைத் தூக்கிக்கொண்டு ரத்தப் பரிசோதனைக்குப் போனான். பிளேட்லெட் 70 ஆயிரம். சிவப்பணு கொஞ்சம் குறைவு, வெள்ளையணு பரவாயில்லை. மறுபடியும் முதல் நாளிலிருந்து மாத்திரை. என் வீட்டிலிருந்த தினசரி காலண்டர் ஒன்றைக் கொடுத்து, மாத்திரை உள்ளே போன பிறகுதான் தாளைக் கிழிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். தினமும் ராத்திரி கிழித்த தாளைப் படம் பிடித்து அனுப்புகிறான். நேற்றைய படத்தில் தாளுக்குப் பக்கத்தில் நாயின் மூக்கும் தெரிந்தது. 17 நாள் ஆகியிருக்கிறது. இன்னும் 11.