ஹோலோகிராமோடு வரும் சிப்: சறுக்கும் இடங்கள்

எஃப்பிஜிஏ (FPGA) என்பது தயாரித்த பிறகும் உள் இணைப்புகளை மாற்றிக்கொள்ளக்கூடிய சிப். அதை ஒளியால் மாற்றியமைக்கலாம் என்றதும் பலர் 'ஒளியில் ஓடும் கணினி' என்றே நினைத்துக்கொள்கிறார்கள். கணக்குப் போடுவது வழக்கமான சிலிக்கான் ட்ரான்சிஸ்டர்கள்தான். எந்த கேட் (சிப்பின் அடிப்படைக் கணக்குச் சுற்று) எதோடு இணைய வேண்டும் என்ற தகவலைக் கொண்டுவந்து போடுவது மட்டுமே ஒளியின் வேலை. அமெரிக்காவில் கால்டெக் பல்கலைக்கழகத்தின் டெமெட்ரி சால்டிஸ் குழுவும் ஜப்பானில் மினோரு வதானபே குழுவும் செய்து காட்டியது இதைத்தான்: ஒரு லேசர் வரிசை, தகவலை ஒளிப் பதிவாக வைத்திருக்கும் ஒரு ஹோலோகிராம், ஒளியை மின் சைகையாக்கும் ஃபோட்டோடையோடுகள் பதித்த ஒரு சிப். எந்த லேசர் எரிகிறதோ, அதற்குரிய பக்கம், அதாவது ஒரு முழு அமைப்புத் தகவல், ஹோலோகிராமிலிருந்து சிப்பின் மேல் விழும்.

அடுத்த சறுக்கல், ஹோலோகிராமில் எவ்வளவு தகவல் அடங்கும் என்ற கொள்ளளவையே பெரிதாகப் பேசுவது. சாதாரண எஃப்பிஜிஏவில் அமைப்புத் தகவல் குறுகலான வழியில் வரிசை கட்டி உள்ளே போகிறது. பெரிய சிப்பென்றால் பல மில்லிசெகண்ட் பிடிக்கும். ஒளியிலோ ஒரு பக்கத்தின் எல்லா பிட்டும் ஒன்றாக இறங்கிவிடும். லாபம் அந்த வேகத்தில்தான்.

அந்த லாபத்தை நாமே கெடுத்துக்கொள்வதும் உண்டு. "இடம்தான் இருக்கிறதே, இன்னும் நூறு அமைப்புகளைப் பதிக்கலாமே" என்று ஆசை வரும். ஒரே இடத்தில் ஹோலோகிராம்களை அடுக்க அடுக்க, ஒவ்வொன்றும் திருப்பித் தரும் ஒளி எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 10-ஐ 20 ஆக்கினால் ஒளி கால் பங்கு. 100 ஆக்கினால் நூறில் ஒரு பங்கு. மங்கலான ஒளியில் 0 எது, 1 எது என்று தெரிய ஃபோட்டோடையோடு அதிக நேரம் காத்திருக்க வேண்டும். நானோசெகண்டுகளில் சிப்பை மாற்றிவிடலாம் என்ற கனவு அங்கேயே கரையும். லேசரின் சக்தியைக் கூட்டினால் சூடு. எத்தனை அமைப்புகளுக்கு அந்த வேகம் என்று சொல்லாமல் வேகத்தை மட்டும் காட்டும் ஸ்லைடை நான் நம்புவதில்லை.

படிப்பது வேகம் என்பதால் எழுதுவதும் வேகம் என்று எண்ணக் கூடாது. ஹோலோகிராமை முன்கூட்டியே பதித்து வைக்க வேண்டும். படிக்கும்போது அது மைக்ரான் அளவு நகர்ந்தாலே ஒரு பிட் பக்கத்து டையோடில் போய் விழலாம்.

கதிர்வீச்சுப் பேச்சிலும் கவனம் தேவை. ஃபுகுஷிமா அணுவுலையை அகற்றும் பணி போன்றவற்றுக்கு வதானபே குழு இதை முன்வைக்கிறது. ஹோலோகிராமில் தகவல் பரவிக் கிடப்பதால் ஒரு மூலை கெட்டாலும் படம் மங்குமே தவிர அழியாது. சிலிக்கானுக்கு அந்த வரம் இல்லை. அடிபட்ட கேட்டுகளைத் தவிர்த்து வரைந்த மாற்று அமைப்பையும் முதலிலேயே பதித்திருந்தால்தான் சிப் தொடர்ந்து ஓடும்.