எஃப்டிபி சர்வரில் அனுமதியும் வேக வரம்பும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஃப்டிபி சர்வரில் (கோப்புகளை ஏற்றவும் இறக்கவும் உதவும் சர்வர்) ஒருவருக்குக் கணக்கு தொடங்கி, கடவுச்சொல் கொடுத்து, வேகத்துக்கு ஓர் எண் போட்டதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். அந்த எண் எதை அளக்கிறது, யாரைக் கட்டுப்படுத்துகிறது என்று பார்க்காததில்தான் பாதிச் சிக்கல்.

முதலில் அலகு. விஎஸ்எஃப்டிபிடி என்ற எஃப்டிபி சர்வர் மென்பொருளில் வேக வரம்பு வைக்கும் 'லோக்கல்_மேக்ஸ்_ரேட்' விநாடிக்கு இத்தனை பைட் என்று எண்ணும். அதே வகையான இன்னொரு மென்பொருள் புரோஎஃப்டிபிடியின் 'டிரான்ஸ்ஃபர்ரேட்' கிலோபைட்டில் எண்ணும். பின்னதில் பழகிய கையோடு முன்னதில் 500 என்று எழுதினால், 1 எம்பி கோப்பு இறங்கவே அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிப் பார்ப்பார்கள், பாவம். இணைய வேகத்தை மெகாபிட்டில் சொல்கிறார்கள் என்பது தனித் தொல்லை. 8ஆல் வகுத்தால்தான் பைட் கணக்கு வரும். யாரையாவது முடக்க நினைத்து விஎஸ்எஃப்டிபிடியில் 0 போட்டால் வரம்பே இல்லாமல் போய்விடும்.

அந்த வரம்பு ஆளுக்கு அல்ல, இணைப்புக்கு. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. யூசர் பக்கத்தில் பயன்படும் ஃபைல்ஸில்லா என்ற செயலி ஒரே நேரத்தில் இரண்டு கோப்புகளைத் தனித்தனி இணைப்புகளில் இறக்கும். அமைப்பில் மாற்றினால் பத்து வரை போகும். அப்படி மாற்றியவருக்கு நீங்கள் வைத்த வேகம் பத்து மடங்கு. ஓர் ஐபி முகவரிக்கு எத்தனை இணைப்பு என்று சொல்லும் 'மேக்ஸ்_பெர்_ஐபி'யைக் குறைத்து இதை அடக்கலாம். ஆனால் 1 என்று வைத்துவிடாதீர்கள். ஓர் அலுவலகமே ஒரே ஐபியில் வெளியே வரும்போது, முதலில் நுழைந்தவர் தவிர மற்றவர்களுக்கு 421 (இணைப்பு மறுப்பு) பிழைதான் கிடைக்கும்.

அனுமதிப் பக்கம் வருவோம். 'யூசர்லிஸ்ட்_எனேபிள்' போட்டு, உள்ளே விட வேண்டியவர்களின் பெயர்களைப் பட்டியலில் எழுதுவார்கள். அது இயல்பாகவே தடைப்பட்டியல்; 'யூசர்லிஸ்ட்_டினை=நோ' என்று சேர்த்தால்தான் அனுமதிப் பட்டியலாகும்.

யூசரை அவருடைய ஃபோல்டருக்குள் பூட்டும் சிரூட்டில் இன்னொரு வழக்கமான தடங்கல்: பூட்டிய அந்த மேல் ஃபோல்டரில் அவருக்கே எழுதும் உரிமை இருந்தால் விஎஸ்எஃப்டிபிடி '500 ஊப்ஸ்' என்று மறுத்துவிடும். உடனே தேடி 'அலவ்_ரைட்டபிள்_சிரூட்=யெஸ்' போட்டு வாயை அடைக்கிறார்கள். அது பாதுகாப்புக்காக வைத்த மறுப்பு. மேல் ஃபோல்டரில் எழுதும் உரிமையை எடுத்துவிட்டு, உள்ளே பதிவேற்றத்துக்குத் தனி ஃபோல்டர் கொடுங்கள். எதற்கும் 777 (எல்லோருக்கும் எல்லா உரிமையும்) போடும் பழக்கத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தவர்களும் விடும் ஓட்டை ஒன்று உண்டு. எஃப்டிபி யூசர் பெரும்பாலும் லினக்ஸ் கணக்குதான். அதே பெயர், அதே கடவுச்சொல்லுடன் 22ஆம் போர்ட்டில் எஸ்எஃப்டிபி (எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பில் கோப்பு மாற்றும் முறை) வழியாகவும் அவர் நுழைய முடியலாம். அங்கே விஎஸ்எஃப்டிபிடியின் பூட்டும் கிடையாது, வேக வரம்பும் கிடையாது. படிக்க உரிமையுள்ள எந்த ஃபோல்டரையும் மேயலாம். எஸ்எஃப்டிபி தேவையில்லை என்றால் எஸ்எஸ்ஹெச்டி (எஸ்எஸ்ஹெச் சர்வர்) அமைப்பில் 'டினைகுரூப்ஸ்' மூலம் எஃப்டிபி யூசர்களின் குழுவை மறுத்துவிடுங்கள். தேவை என்றால், ஃபோல்டருக்குள் பூட்டும் 'சிரூட்டைரக்டரி'யோடு, எஸ்எஃப்டிபியை மட்டும் அனுமதிக்கும் 'ஃபோர்ஸ்கமாண்ட் இன்டர்னல்-எஸ்எஃப்டிபி'யும் போடுங்கள். 'சிரூட்டைரக்டரி'யில் எழுதும் பாதையில் உள்ள எல்லா ஃபோல்டர்களும் ரூட் (நிர்வாகி) கணக்குக்குச் சொந்தமாக, பிறர் எழுத முடியாதபடி இருக்க வேண்டும். ஓப்பன்எஸ்எஸ்ஹெச் (பரவலான எஸ்எஸ்ஹெச் மென்பொருள்) சர்வரில் வேக வரம்புக்கென்று ஓர் அமைப்பு வரி கிடையாது. அதை நெட்வொர்க் மட்டத்தில், லினக்ஸின் 'டிசி' போன்ற கருவியால்தான் கட்டுப்படுத்த வேண்டியிருக்கும்.