லெவோடோபா மாத்திரையும் மீன்கறியும்: நேர இடைவெளி ஏன் தேவை?

பார்க்கின்சன் நோய்க்காக லெவோடோபா மாத்திரை உட்கொள்ளும் என் தந்தைக்கு, காலையில் புட்டும் பயறும் உண்ட நாள்களில் மட்டும் கால் இறுக்கம் தணிய வெகுநேரம் ஆனதை நாங்கள் பல மாதங்கள் கவனிக்காமலேயே இருந்துவிட்டோம். புரதம் செரித்து உண்டாகும் அமினோ அமிலங்கள், சிறுகுடலிலும் பின்னர் மூளைக்குள் நுழையும் இடத்திலும் லெவோடோபா செல்லும் அதே வழியில் போட்டியிடுவதால் மருந்து பின்தங்கிவிடுகிறது. எனவே உணவுக்கு 30 நிமிடம் முன்போ, உண்டு 1 மணி நேரம் கழித்தோ மாத்திரையைத் தண்ணீருடன் கொடுப்பது நல்லது. குமட்டினால் ஒரு மட்டி வாழைப்பழம் சேர்த்துக்கொள்ளலாம். மீனையும் பயறையும் அறவே நிறுத்திவிடாதீர்கள், உடல் மெலிந்துவிடும். மதியம் உண்டுவந்த மரச்சீனிக் கிழங்கையும் சாளை மீன் கறியையும் நாங்கள் இரவுக்கு மாற்றியதால், அவர் எழுந்து நடமாட வேண்டிய பகற்பொழுதில் மருந்து நன்றாக வேலை செய்கிறது. இரும்புச்சத்து மாத்திரையும் லெவோடோபா உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் என்பதால் அதற்கும் 2 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இத்தகைய மாற்றங்களை நரம்பியல் மருத்துவரிடம் கேட்டே செய்யுங்கள். பூனைக்காலி விதையில் இயற்கையாகவே லெவோடோபா இருப்பதால், யார் சொன்னாலும் அந்தப் பொடியைத் தாமாகச் சேர்க்க வேண்டாம்.