இரவில் கை விறைக்குதா? மணிக்கட்டை மடங்க விடாதீங்கோ

வெள்ளவத்தை வீட்டில் நடுச்சாமத்தில் அம்மா எழும்பிக் கையை உதறிக்கொண்டிருப்பா. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைக்கும், சின்னவிரலுக்கு ஒன்றுமில்லை. கார்பல் டனல் என்ற வருத்தம் அப்படித்தான், மணிக்கட்டுக்குள்ளே இந்த விரல்களுக்குப் போகும் மீடியன் நரம்பு நெரிபடுகிறது. நித்திரையில் கை மடங்கினால் நெரிசல் இன்னும் கூடும். அதனால் மணிக்கட்டை நேராகப் பிடிக்கும் பட்டி ஒன்றை பாமசியில் வாங்கி, இரவில் மட்டும் கட்டினோம். இறுக்கக்கூடாது, 6 வாரமாவது விடாமல் கட்டவேணும். தேங்காய் திருவுவதும் உடுப்புப் பிழிவதும் இப்ப தம்பியின் வேலை (முணுமுணுப்போடுதான்). பெருவிரலின் அடிப்பக்கத்துச் சதை வற்றினாலோ, பிடித்த கோப்பை அடிக்கடி நழுவினாலோ, பட்டியை நம்பி இருக்காமல் டொக்டரிடம் போங்கோ. நீரிழிவும் தைரொயிட் குறைபாடும்கூட இதுக்குக் காரணமாகலாம், இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கோ.