ரேடியோ அயோடின் சிகிச்சை பலன் தருமா? முன்கூட்டியே கணிக்கும் முறை

தைராய்டு புற்றுநோய்க்காகச் சுரப்பி முழுவதையும் அகற்றிய பிறகும் கழுத்தில் சிறிதளவு திசு தங்கிவிடுவதுண்டு. அதை அழிக்கத் தரப்படும் கதிரியக்க அயோடின் (அயோடின்-131) பலன் தருமா என்பதை, மருந்து கொடுப்பதற்கு முன்பே ஓரளவு கணிக்கலாம். பாப்பிலரி, ஃபாலிக்குலர் வகைகளுக்கே இது பொருந்தும். மெடுல்லரி வகைக்கு அயோடின் சிகிச்சையே பயன்படாது.

எதை வெற்றி என்கிறோம் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். சிகிச்சைக்கு 6 முதல் 12 மாதங்கள் கழித்து, டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) உயர்ந்திருக்கும் நிலையிலும் ரத்தத்தில் தைரோகுளோபுலின் என்ற புரதம் ஒரு மில்லிலிட்டருக்கு 1 நானோகிராமுக்குக் கீழே இருந்து, ஸ்கேனிலும் எதுவும் தென்படாவிட்டால் அது நல்ல பலன்.

கணிப்பின் அச்சாணி, மருந்து கொடுப்பதற்குச் சற்று முன் அளக்கப்படும் தைரோகுளோபுலின்தான். தைராய்டு செல்கள் மட்டுமே சுரக்கும் புரதம் என்பதால், எஞ்சியிருக்கும் திசுவின் அளவை அது காட்டிக்கொடுக்கிறது. தைராக்சின் மாத்திரையை 3 அல்லது 4 வாரம் நிறுத்தியோ, டிஎஸ்எச்சை உயர்த்தும் ஊசி போட்டோ டிஎஸ்எச் லிட்டருக்கு 30 மில்லி யூனிட்டைத் தாண்டிய பிறகு எடுத்த அளவையே இதற்குக் கணக்கில் கொள்ள வேண்டும். தைரோகுளோபுலின் 1, 2 நானோகிராம் என்ற அளவில் இருந்தால் பலன் கிட்டும் வாய்ப்பு மிக அதிகம். 10-ஐத் தாண்டினால் வாய்ப்பு குறைகிறது, நிணநீர்க் கணுக்களிலோ நுரையீரலிலோ நோய் பரவியிருக்கிறதா என்றும் தேட வேண்டும். அறுவை சிகிச்சை நடந்த சில நாள்களிலேயே எடுத்த அளவை நம்பக்கூடாது. ரத்தத்தில் ஏற்கெனவே கலந்திருந்த புரதம் வடிய வாரக்கணக்காகும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத் தைரோகுளோபுலினுக்கு எதிரான எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கும். அது அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். ஆகவே எதிர்ப்பொருள் பரிசோதனையின் முடிவைப் பார்க்காமல் 0.2 என்ற எண்ணைக் கண்டு நிம்மதியடைவது தவறு.

எஞ்சிய திசு பெரிதாக இருந்தாலும், கணுக்களில் நோய் இருந்தாலும் வாய்ப்பு குறையும். குறைந்த டோஸ் என்பதற்காக மட்டும் கவலைப்பட வேண்டியதில்லை: 2012-இல் வெளியான பிரிட்டன், பிரான்ஸ் ஆய்வுகள் இரண்டிலும், அபாயம் குறைந்த நோயாளிகளுக்கு 30 மில்லிகியூரி (கதிரியக்க அளவின் அலகு) டோஸ் 100 மில்லிகியூரிக்கு இணையான பலனைத் தந்தது.

உடலில் அயோடின் ஏற்கெனவே நிறைந்திருந்தால் திசு மருந்தை உள்வாங்காது. எனவே ஒன்றிரண்டு வாரம் கடல் உணவையும் அயோடின் கலந்த உப்பையும் தவிர்க்க வேண்டும். கல்லுப்பிலும் அயோடின் சேர்க்கப்பட்டிருக்கலாம் என்பதால் பொட்டலத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். அண்மையில் அயோடின் சாயம் ஏற்றி சிடி ஸ்கேன் எடுத்திருந்தால் அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும்.

மருந்து கொடுத்துச் சில நாள்களில் எடுக்கப்படும் முழு உடல் ஸ்கேனில் இயல்பாகவே அயோடின் சேரும் உமிழ்நீர்ச் சுரப்பி, வயிறு, குடல், சிறுநீர்ப்பை போன்றவற்றையும் கழுத்தையும் தவிர வேறெங்காவது அயோடின் தேங்கியிருந்தால், முந்தைய கணிப்பைக் கைவிட்டுப் புதிதாகக் கணிக்க வேண்டும்.